ஐந்து மாதம் முடி வெட்டாத வாத்தியார்

முதல் முறை அது வந்தது பேகம்பூர் சலூனில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து, வீட்டுக்குக் கறி வாங்கிக் கொடுத்துவிட்டு, முடி வெட்டப் போயிருந்தேன். பதினைந்து வருடமாக அதே கடை, அதே பாய். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தலையில் தண்ணீர் தெளித்து, அவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது என் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளத் தொடங்கியது. காரணம் எதுவும் இல்லை. மூச்சு உள்ளே போகிறது, போதவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயின. கண்ணாடியில் தெரிந்த முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். துணியைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தேன். பாய் கடையைத் திறந்து போட்டபடியே என்னை ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். மாலையில், இருதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெறும் வயிற்றில் டீ குடித்ததால் வந்த வாயுவாக இருக்கும் என்றாள் மனைவி. எனக்கும் அந்த முடிவு பிடித்திருந்தது. வாயு என்றால் பூண்டு போதும்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனேன். சலூன் படியில் கால் வைத்ததுமே நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. திரும்பி வந்துவிட்டேன். திரும்பிய உடனே சரியாகிவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. பிறகு கோயிலில் நடுப் பெஞ்சில் உட்கார முடியவில்லை, வாசல் ஓரத்தில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கூட்டம் என்றால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடிக்கப் பத்து நிமிடம் முன்னதாகப் போனேன். இன்னும் இரண்டு முறை ஓடிப்போய் ஈசிஜி எடுத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

மற்றதையெல்லாம் மறைத்துவிடலாம், முடியை எப்படி மறைப்பது? நான் கணக்கு வாத்தியார். முடி காதைத் தொட்ட பையன்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறவன். இப்போது என் முடி காதைத் தாண்டிக் காலரைத் தொட்டது. தலைமையாசிரியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமினார். எதிர்வீட்டுக்காரர் பழனிக்கு முடி வளர்ப்பதாக நினைத்து, வேதக்காரருக்கும் முருகன்மேல் இம்புட்டுப் பக்தியா என்று சந்தோஷப்பட்டார். அகரத்துச் சித்தி வேளாங்கண்ணிக்கு என்று நினைத்து, தன் பங்குக்கு ஒரு மெழுகுவத்தி கொடுத்தனுப்பினாள். இரண்டு பேரிடமும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஐந்தாவது மாதம் ஒருநாள் சாயங்காலம், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மனைவி பின்னால் வந்து என் முடியைச் சேர்த்துப் பிடித்து ஒரு ரப்பர் பேண்டு போட்டாள். சிரித்துக்கொண்டே முன்னால் வந்து உட்கார்ந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"யாருக்குங்க நேந்துக்கிட்டீங்க? எனக்குத் தெரியாம?"

"யாருக்கும் இல்ல. அந்தத் துணியக் கழுத்துல கட்டுனா செத்துருவேன்னு பயமா இருக்கு" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே அது சிறுபிள்ளைப் பேச்சாகப் பட்டது. அவள் சிரிக்கவில்லை. எத்தனை மாதமாக என்று மட்டும் கேட்டாள். மறுநாள் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்கப் போனோம்.

எங்கள் வயதுள்ள அம்மா அவர். மூன்று ஈசிஜியையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். மூன்றும் கண்ணாடி போட்டு மாட்டும் அளவுக்கு நன்றாக இருப்பதாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தின் தைராய்டு பரிசோதனைச் சீட்டையும் பார்த்தார். பிறகு, நடந்ததையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாய் துரத்துனா ஓடுறதுக்கு ஒடம்பு தயாராகும்ல? நெஞ்சு அடிக்கும், மூச்சு வேகமாகும், வேர்க்கும். உங்களுக்கு வந்ததும் அதேதான் சார். நாய் மட்டும்தான் இல்ல" என்றார்.

பேனிக் அட்டாக் என்று அதற்குப் பெயர் சொன்னார். பெயர் கிடைத்ததே பாதி பாரம் இறங்கினாற்போல இருந்தது. ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார்: விறுவிறுவென்று ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, தானாக இறங்குகிற கோடு. ஒவ்வொரு முறையும் உச்சிக்கு முன்பே நான் ஓடிவிட்டதால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று என் மூளை பாடம் படித்துவிட்டதாம். இருபது வருடமாகக் கரும்பலகையில் நான் வரைகிற வளைவு அது. ஏறியது இறங்கும் என்று எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

தினம் ஒரு மாத்திரை எழுதினார். அது வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும், தூக்க மாத்திரை அல்ல, நானாக நிறுத்தக் கூடாது என்றார். கூடவே வீட்டுப்பாடமும் கொடுத்தார். பயத்தைச் சின்னதிலிருந்து பெரியதுவரை படிப்படியாக எழுதி, கீழ்ப்படியில் ஆரம்பிக்க வேண்டும். எந்தப் படியிலும் பயம் தணிவதற்கு முன் ஓடக் கூடாது.

சனிக்கிழமை மதியம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மனைவியோடு சலூனுக்குப் போனேன். பாய் என் தலையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"நான் ஏதோ கோணலா வெட்டிப்புட்டேன், அதான் சார் ஏசி கடைக்குப் போயிட்டார்னு அஞ்சு மாசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அன்று பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் மட்டும் படித்தேன். அடுத்த சனிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரம் துணியை மடியில் வைத்துக்கொண்டேன், பிறகு கழுத்தில் தளர்வாகக் கட்டிக்கொண்டேன். தலைசுற்றலைக் கண்டும் நான் பயந்ததால், வேண்டுமென்றே தலைசுற்ற வைத்துப் பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். பாயின் நாற்காலி சுழல்கிற நாற்காலி. என்னை உட்காரவைத்து ராட்டினம்போலச் சுற்றிவிட்டார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சுற்றியது, நின்றது, ஒன்றும் ஆகவில்லை. இதில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்க பாயும் ஏறி உட்கார, என் மனைவி சுற்றிவிட்டாள். இறங்கிய பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றார். அந்த வருடத்தில் நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றுதான்.

கத்தரிக்கோல் படிக்குத் தனியாகவே போனேன். இடது பக்கம் முடிந்து நடுத்தலைக்கு வந்தபோது அதுவும் வந்தது, முதல் நாள் வந்த அதே வேகத்தில். படித்த பாடமெல்லாம் பறந்தது. எழுந்து ஓடிவிட்டேன். ஒரு பக்கம் வாத்தியார், மறுபக்கம் சாமியார் என்ற கோலத்தில் பேகம்பூர் தெரு முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த மனைவி, பாவம், அடக்கத்தான் பார்த்தாள். முடியாமல் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை இந்தத் தலையோடு வகுப்புக்குப் போவதைவிட அந்த நாற்காலியில் சாவது மேல் என்று பட்டது.

ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போனேன். பாய் கடையைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தார். துணியைக் கட்டியதும் மறுபடி நெஞ்சு அடித்தது. பாய் கையை நிறுத்தினார்.

"நிறுத்தாதீங்க பாய். அது பாட்டுக்கு வரட்டும், நீங்க வெட்டுங்க."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. இனித் தாங்காது என்ற இடம்வரை ஏறியது. ஓடவில்லை. எட்டாவது நிமிடத்தில் தோள் தளர்ந்ததை உணர்ந்தேன். பத்தாவது நிமிடத்தில் பாய் தன் மகளின் காலேஜ் அட்மிஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்தபோது தரையில் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருப்பதுபோல முடி கிடந்தது.

ஷேவிங்கும் செய்யச் சொன்னேன். சோப்பு நுரை குளிர்ச்சியாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. என்னைக் காணவில்லையே என்று மனைவி ஸ்கூட்டியில் தேடி வந்தபோது, நான் அந்த நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேனாம். வந்தவர்களையெல்லாம் பாய் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, மெதுவாகப் பேசச் சொல்லியிருக்கிறார்.

ஒரு வருடத்துக்குமேல் மாத்திரை சாப்பிட்டேன். டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அதன் பிறகும் அது அடியோடு போய்விடவில்லை. போன மாம்பழ சீசனில் நத்தத்திலிருந்து திரும்பும்போது, நெரிசலான பஸ்ஸில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்து போக வழியில்லை. நெஞ்சு அடிக்கத் தொடங்கியபோது, நின்றுகொண்டிருந்த ஒரு பெண், கேட்காமலேயே தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்து, சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவை உருவியது. நெஞ்சு தன் போக்கில் அடித்தது, குழந்தை தன் போக்கில் என் சட்டையில் கோடு கிழித்தது. ஊர் வந்து சேர்வதற்குள் இரண்டும் ஓய்ந்து, குழந்தை என்மேல் சாய்ந்து தூங்கிவிட்டது.