ஜெசிந்தா மிஸ் கேட்ட திருத்தம்

ஜெசிந்தா மிஸ் மறைந்த செய்தி காவிரிப் பாலத்தின் மேல் என்னை வந்தடைந்தது. நான் பள்ளிக்குப் போகும் பஸ், நெரிசலில் பாலத்தின் நடுவே நின்றிருந்தது. அவருடைய தம்பி போனில் பேசினார். "அக்கா தவறிட்டாங்க சார். விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." அன்று திங்கட்கிழமை. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவர் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "இந்தப் போட்டி முடியட்டும் சார், போயிட்டு வரேன்" என்பார். ஒன்று முடிவதற்குள் அடுத்த போட்டி வந்து நிற்கும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் ஆசிரியை. எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். நான் அதே பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஏழு வருடங்களுக்கு முன் மேல்வகுப்புப் பிள்ளைகளை வைத்து ரோபோ குழு தொடங்கியபோது எங்கள் இருவரையும் பொறுப்பாளர்களாகப் போட்டார்கள். போட்டிக்கு ரோபோ செய்தால் மட்டும் போதாது. வசதியில்லாத பள்ளிகளுக்குப் போய்க் கற்றுத்தரவும் வேண்டும், அதற்குத் தனியாக ஒரு ஷீல்டு உண்டு. பல பள்ளிகள் இதை எப்படிச் செய்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். வேனில் போய் இறங்குவார்கள், அரை மணி நேரம் ரோபோவை ஓட்டிக் காட்டுவார்கள், பிஸ்கட் பாக்கெட் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். மிஸ் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பள்ளி. அங்கே ஒரு சிறுமி, "தொட்டுப் பாக்கவா அக்கா?" என்று கேட்டாள். எங்கள் குழு மாணவி, "ஐயோ, தொடாத, கெட்டுப்போயிடும்" என்று ரோபோவைத் தூக்கிக்கொண்டாள். மறுநாள் லேபில் மிஸ் வெடித்தார். "நாம போனது கத்துக்குடுக்கவா, பொருட்காட்சி போடவா? இனிமே ரோபோவை மேசை மேல வெச்சதும் நம்ம பிள்ளைங்க எல்லாரும் கையைப் பின்னால கட்டிக்கணும். அவங்கதான் தொடணும். அவங்கதான் கழட்டணும், அவங்கதான் மாட்டணும்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் குழுவின் சட்டம். தாளாளருக்கு இது பிடிக்கவே இல்லை. நம் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்கு ஸ்க்ரூ காணாமல் போகும், ஏதாவது ஒரு வயர் பிய்ந்து வரும். உட்கார்ந்து சரிசெய்வது நான்தான். முணுமுணுத்துக்கொண்டே செய்வேன். "திட்டிக்கிட்டே செஞ்சாலும் நல்லாத்தான் சார் செய்றீங்க" என்று மிஸ் சிரிப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் உப்பிலியபுரம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். கறுப்புக் கோட்டைப் பார்த்து அதன் மேலேயே ஓடுகிற ரோபோ அது. பழைய பேனர் ஒன்றைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தோம். ரோபோ பாதி தூரம் ஒழுங்காகப் போகும், பிறகு கோட்டை விட்டுவிட்டுச் சுவரில் போய் முட்டும். பாட்டரி என்றான் ஒருவன், புரோகிராம் என்றாள் ஒருத்தி. கை கட்டும் சட்டமெல்லாம் காற்றில் போய், எல்லோரும் அதன் மேல் கவிழ்ந்துவிட்டார்கள். ஒளி எதிரொளிப்பை வருடாவருடம் பாடம் நடத்துகிற நானும் பாட்டரியைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் போயிற்று.

பின்னால் நின்ற ஒரு பெண் சொன்னாள்: "மிஸ், வெயில் விழுற எடத்துலதான் அது தப்பிப் போவுது."

சொன்னவள் யாரையும் எதிர்பார்க்காமல் போய் ஜன்னலைச் சாத்தினாள். அதற்குக் கொண்டி இல்லை. திறந்துகொள்ளாதபடி முதுகைக் கொடுத்து நின்றாள். ரோபோ வளைவில் அழகாகத் திரும்பிக் கோடு முடியும் வரை ஓடியது. தரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்துத்தான் அதன் சென்சார் கோட்டை அறிகிறது. நேர் வெயில் பட்டால் குழம்பிவிடும். அவ்வளவுதான் விஷயம், எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மிஸ் அந்தப் பெண்ணின் தோளில் கை போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அதைப் படமெடுத்தவன் நான். அவள் பெயர் இலக்கியா. அப்போது எட்டாம் வகுப்பு.

போட்டிக்கு அனுப்ப மிஸ் எழுதிய அறிக்கையில் இப்படி இருந்தது: 'ரோபோ தவறாக ஓடியது. எங்களில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு மாணவி இலக்கியா கண்டுபிடித்தார்.' தாளாளர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நமக்குத் தெரியலைன்னு நாமளே எழுதிக் குடுப்பாங்களா? ரகு சார், நீங்க கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். அந்த மூன்று வரியையும் எடுத்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: 'வெயிலால் ஏற்பட்ட கோளாறை எங்கள் மாணவர்கள் கண்டறிந்து அப்பள்ளி மாணவர்களுக்கு விளக்கினர்.' மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

ஷீல்டு எங்களுக்கே கிடைத்தது. மேடையில் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களா சார் எழுதினது?"

"ஆமா மிஸ்."

"திருத்தம் எழுதி அனுப்பிடுங்க. அந்தப் பொண்ணு பேரு வரணும். நான் எழுத மாட்டேன். மாத்தினவங்கதான் திருத்தணும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் பிரேயர் முடிந்ததும், முன்பக்கப் படியை ஒட்டிய லேப் வாசலில் நின்று கேட்பார். "என்ன சார், எழுதியாச்சா?" இந்த வாரம் மிஸ் என்பேன். பரீட்சை என்பேன், பேப்பர் திருத்துகிறேன் என்பேன். ஷீல்டைத் திருப்பிக் கேட்டுவிட்டால் தாளாளர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் எனக்கு. கடைசியில் திங்கட்கிழமைகளில் மட்டும் பின்பக்கப் படி வழியாக வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். அவர் மீதும் எனக்கு எரிச்சல் உண்டு. பிடிவாதத்தை விட்டு அவரே நான்கு வரி எழுதிப் போட்டிருந்தால் என்ன?

அடக்கம் முடிந்த மறுநாள் பள்ளி வாசலில் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். நான் எடுத்த அதே படம். மிஸ் மட்டும் போதும் என்று இலக்கியாவை வெட்டிவிட்டார்கள். படத்தின் ஓரத்தில் மிஸ்ஸின் கை, யாருடையது என்றே தெரியாத ஒரு துண்டுத் தோளின் மேல் கிடந்தது. இரண்டு நிமிட மௌனம் என்றார்கள், ஒரு நிமிடம் ஆவதற்குள் மணி அடித்துவிட்டது. ரோபோவைக் கண்ணாடி அலமாரியில் ஷீல்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஏழு வருடம் அவருடைய சட்டத்தைப் பார்த்த பள்ளி இது. பார்த்தபோது அந்தக் கண்ணாடியை உடைக்கலாம் போல இருந்தது. ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். 'கனவு' என்ற வார்த்தை அவசியம் வர வேண்டுமாம்.

எழுதும் முன், போன சனிக்கிழமை உப்பிலியபுரம் போனேன். இலக்கியா இப்போது பத்தாம் வகுப்பு. வீட்டு வாசலுக்கு வந்தவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மிஸ் வரலையா சார்?"

அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானே சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வரச் சொன்னாள். பிறகு, நான் வந்த காரியத்தையும் சொன்னேன்.

"தெரியும் சார். மிஸ் எங்கம்மா போனுக்கு மாசாமாசம் பேசுவாங்க. 'உன் பேரு இன்னும் வரலடி. ரகு சாருக்கு வேலை ஜாஸ்தி. ஆனா நல்லவரு, கண்டிப்பா எழுதிடுவாரு'ன்னு சொல்லுவாங்க."

பஸ்ஸில் துறையூர் வரும் வரை என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

ஆகவே, ஆண்டு மலருக்கு நான் தருவது இதுதான். அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தது எங்கள் மாணவர்கள் இல்லை, நானும் இல்லை. உப்பிலியபுரம் பக்கத்து அரசுப் பள்ளி மாணவி இலக்கியா. அறிக்கையை மாற்றியவன் நான். இதையே கையெழுத்திட்டுப் போட்டிக் குழுவுக்கும் தபாலில் அனுப்பிவிட்டேன். ஷீல்டைக் கேட்டால் கொடுத்துவிடலாம். இந்தப் பக்கத்தை அச்சில் வெட்டினாலும் வெட்டுவார்கள். அதனால் பிரதி ஒன்றையும் வெட்டாத அந்தப் படத்தையும் இலக்கியாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இன்று திங்கட்கிழமை. பிரேயர் முடிந்ததும் முன்பக்கப் படி வழியாகத்தான் ஏறினேன். லேப் வாசலில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

எழுதியாச்சு மிஸ். போயிட்டு வாங்க.