கேஸ் கடையில் தாழம்பூ

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. பெயருக்கு அடுப்பு ரிப்பேர் கடை. ஆனால் சின்ன சிலிண்டருக்கு கேஸ் நிரப்பிக் கொடுப்பதுதான் அப்போது எங்களுக்கு அதிக வேலை. டீ வண்டிக்காரர்கள், கட்டட வேலைக்கு வந்து கொட்டகை போட்டிருப்பவர்கள், ஒற்றை அறை எடுத்துத் தியானத்துக்காகத் தங்கும் வெளியூர்க்காரர்கள் என்று எல்லோரிடமும் ஒரு குட்டி சிலிண்டர் இருந்தது. சில பெண்கள் அதைக் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

கடையைப் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர். நான் பின்னறையில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு சுவர்தான். பெரிய சிலிண்டரை இரும்பு ஸ்டாண்டில் தலைகீழாகக் கவிழ்த்து, அதிலிருந்து வரும் டியூபைச் சின்னதன் வாயில் மாட்டித் திருகுவார். ஸ்ஸ் என்று ஒரு சத்தம் எழும். முதலில் வேகமாக, பிறகு மெலிந்து மெலிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடியும். அந்தச் சத்தத்தில் என் கால்கள் தாமாகவே மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். மதியத்தில் நான் விழித்திருந்தேனா, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேனா என்று எனக்கே சில நாள் தெரிந்ததில்லை.

கொரோனாவெல்லாம் ஓய்ந்து, கிரிவலத்துக்கு மறுபடி கூட்டம் வரத் தொடங்கிய சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சில நாள் படுத்திருந்தார். எழுந்து, குளித்து, கடையைத் திறந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

ஒரு மதியம் தைத்துக்கொண்டிருந்தேன். சுவரைத் தாண்டி கேஸ் வாடை வந்தது. கொஞ்சம் கசிவது எப்போதும் இருப்பதுதான், ஆனால் இது நிற்கவில்லை. எழுந்து ஓடினேன். அவர் ஓர் அடுப்பின் பர்னரைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பக்கத்திலேயே நிரப்பி வைத்த சிலிண்டர் ஒன்று இருந்தது. அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"ஏங்க, இவ்ளோ வாடை வருது, சும்மா உக்காந்துனு இருக்கீங்க?"

"எங்க? எனக்கு ஒண்ணும் வரலியே."

சோப்புத் தண்ணீரை எடுத்து அந்த சிலிண்டரின் வாயில் ஊற்றினார். குமிழ் குமிழாகக் கிளம்பி வந்தது. வாஷரை மாற்றி இறுக்கினார். பிறகு எழுந்து உள்ளே போய், காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஒண்ணுமே இல்லம்மா," என்றார். "வெறும் காத்துதான் வருது."

மறுநாள் என் தையல் மெஷினைக் கடை முன்பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் கசிவு தெரிந்துவிடும், மூக்கு எதற்கு என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன். ஒவ்வொரு சிலிண்டரையும் நிரப்பி முடித்ததும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். நான் மூச்சை இழுத்துவிட்டுத் தலையாட்டுவேன். அதன்பிறகுதான் கொடுப்பார்.

சில நாளில் வேறு கேள்விகளும் வந்தன.

"இப்ப இன்னா வாசனை வருது, சொல்லு."

"மழ வரப்போவுது. மண்ணு வாசனை."

"எந்தப் பக்கமா?"

"மலைக்கு அந்தாண்ட இருந்து."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் இவ்வளவு பேசியதே இல்லை. வடை போடும் எண்ணெய் புதுசா பழசா, போகிறவர் தலையில் வைத்திருப்பது மல்லியா முல்லையா, ஈரத் துணி, பெட்ரோல், மாட்டுச் சாணம் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கு அவையெல்லாம் அதுவரை இல்லாத மாதிரியும், சொல்வதால்தான் உண்டாகிற மாதிரியும் தோன்றும். வெயில் ஏற ஏறப் பாதையில் நடக்கிறவர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல நெளிவார்கள். யாருக்கு யார் வாசனை சொல்கிறோம் என்று மறந்து நான் பேசிக்கொண்டேயிருப்பேன்.

அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம். "மெதுவா திரும்ப வரும்மா. வரும்போது சில சமயம் மாறி வரும். பயப்படாதீங்க," என்றார் டாக்டர். மாறி வரும் என்றால் என்னவென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் கடைக்கு எதிரே ஓர் அக்கா தள்ளுவண்டியில் சுக்குக் காப்பி விற்பார். தன் கணவர் இறந்த பிறகு அந்த அக்கா தனியாக நடத்திய வண்டி அது. எங்கள் கடை சிலிண்டரில்தான் அவர் அடுப்பு எரியும். பௌர்ணமி அன்று மதியமே கூட்டம் சேரத் தொடங்கிவிட்டது. அக்கா வண்டியை நிழலுக்காக எங்கள் வாசலுக்கே தள்ளிக்கொண்டு வந்து, அடுப்பில் பாத்திரத்தை ஏற்றியிருந்தார். நான் நூல் கண்டு வாங்க நாலு கடை தள்ளிப் போயிருந்தேன். திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலையைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடி, சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டுதும்மா," என்றார், என் காலடிச் சத்தத்தைக் கேட்டு. "வாசனை வந்துட்டுது. தாழம்பூ. எவ்ளோ நல்லா இருக்குது தெரியுமா?"

என் கண் நிறைந்துவிட்டது. வாசற்படியில் காலை வைத்தேன். அப்போதுதான் என் மூக்கில் ஏறியது. தாழம்பூ இல்லை, கேஸ். அங்கே நிற்க முடியாத அளவுக்கு.

"அக்கா, அடுப்ப அணைங்க!" என்று கத்தினேன். அக்கா என்ன ஏது என்று கேட்கவில்லை. அடுப்பைத் திருகி அணைத்துவிட்டு, பாத்திரத்தில் காப்பி தளும்பத் தளும்ப வண்டியைச் சாலைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். போகிறவர்களைக் கையை வீசி விலக்கினார். நான் என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போக ஒரு கணம் ஆயிற்று. போனதும் கைகள் தாமாகவே பெரிய சிலிண்டரின் வாயைத் தேடிப்போய் மூடின. மாட்டும் இடத்தில் டியூப் விரிசல் விட்டிருந்தது. இருவரும் வெளியே வந்து சாலையோரம் நின்றோம். காற்று மலைப்பக்கமிருந்து வந்து கடைக்குள் புகுந்து போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவர் மெல்லச் சொன்னார்: "தாழம்பூதாம்மா. இன்னும் வருது."

அக்கா புடவையில் கொட்டிய காப்பியைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி நீ! இந்த ஊர்ல பொய் சாட்சி சொல்லி சாபம் வாங்குன பூவாச்சே அது. அதைப் போயி நம்பலாமா?"

மூன்று பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்கு அழுகை வந்தது.

அதன்பிறகுதான் நான் வேறொன்றைப் பார்த்தேன். ஒரு நாள் காலையில் எழுந்தபோது பக்கத்தில் அவர் இல்லை. கடைப்பக்கம் போனேன். வெளிச்சம் சரியாக வரவில்லை, பனி மாதிரி ஏதோ பாதையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு காலி சிலிண்டரை மடியில் வைத்து, அதன் வாயருகே குனிந்திருந்தார். கல்யாண வீட்டில் பன்னீர்ச் செம்பை முகர்கிறவர் மாதிரி இருந்தது.

"இன்னாங்க பண்றீங்க?"

அவர் நிமிரவில்லை. "தப்புன்னு தெரியுது. ஆனா எனக்கு வேற எதுவுமே வரலியேம்மா. சோறு வரல, நீ வைக்கிற பூ வரல. இது ஒண்ணுதான் வருது. அதுவும் இவ்ளோ நல்லா வருது."

எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதையில் யாரோ செருப்பில்லாமல் நடந்து போனார்கள்.

"பயந்துக்க வேண்டிய வாடை உங்களுக்குப் பிடிச்சுப்போச்சு," என்றேன். "நான் எத்தினி நாளு பக்கத்துலயே உக்காந்து மோந்துனு இருக்க முடியும்? ஒரு ஜலதோஷம் வந்தா என் மூக்கும் அடைச்சுக்கும். இது வேணாங்க நமக்கு."

அன்றைக்கே அவர் பெரிய சிலிண்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். அப்படிக் கவிழ்த்து நிரப்புவது சட்டப்படி கூடாது என்பது அவருக்கும் எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். கம்பெனியிலிருந்து சீல் வைத்து வரும் சின்ன சிலிண்டரை வாங்கி வைத்தோம். காலியைக் கொடுத்தால் நிரம்பியதை எடுத்துப் போகலாம். வந்தவர்களில் பாதிப்பேர் முணுமுணுத்தார்கள், விலை ஜாஸ்தி என்றார்கள், வேறு கடைக்குப் போனார்கள். அக்கா மட்டும் முதல் நாளே தன்னுடைய நெளிந்த பழைய சிலிண்டரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் புதியதைத் தூக்கிக்கொண்டு போனார். டியூபின் அந்த ஸ்ஸ் சத்தம் நின்ற பிறகு கடை எங்களுக்கே புதுசாக இருந்தது. அடுப்புகளை அவர் இன்னும் நன்றாகப் பார்க்க ஆரம்பித்தார்.

தாழம்பூவும் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே போயிற்று. ஒரு வாரம் ரப்பர் எரிகிற மாதிரி வந்தது என்றார். பிறகு ஒன்றும் இல்லை என்றார். என்ன வாசனை என்று அவர் என்னைக் கேட்கவில்லை, ஏதாவது வருகிறதா என்று நானும் அவரைக் கேட்கவில்லை.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் என் அண்ணனுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு, நிலக்கடலை போட்டிருந்தார். மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு நாள் போன் செய்தார். கடையைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். முந்தின நாள் மழை பெய்து மண் இளகியிருந்தது. அவர் எனக்கு முன்னால் இரண்டு சால் தள்ளிக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறினார். உதறிய கை அப்படியே நின்றது. கொத்தோடு அதை முகத்துக்குக் கொண்டுபோனார்.

"இங்க வாயேன்," என்று கூப்பிட்டார்.

போனேன். செடியை என் மூக்கருகே நீட்டினார். ஈர மண்ணும், பச்சைக் காயின் பாலும், கசக்கிய இலையும் கலந்து வந்தது.

"நீ சொல்லாத," என்றார். "நான் சொல்றேன்."

சொன்னார். ஒவ்வொன்றாக, சரியாகச் சொன்னார். வரப்பில் நின்ற அண்ணன் எங்கள் இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்.