கோத்துவின் அப்பா

மஹெஃபா கையைத் தூக்கும்போதே சுட்டுவிரல் மடங்கிவிடும். மூத்தவர்களை விரல் நீட்டிக் காட்டக்கூடாது. கல்லறையையும் அப்படித்தான், மர உச்சியில் இருக்கும் பாபகோத்து என்ற பெரிய லெமூரையும் அப்படித்தான். பின்னால் வரும் பயணி யாராவது மறந்துபோய் விரலை நீட்டினால், எட்டிப் பிடித்து அவரே மடக்கிவிடுவார். "மடக்குங்க. அவரு நம்ம பெரியவரு."

பெரியவருக்குக் கறுப்பும் வெள்ளையுமாக ரோமம். வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு முளை. இலை தின்பார். வெயில் வந்தபிறகு எழுந்து, காடு அதிரக் குடும்பத்தோடு பாடுவார். பொழுது சாயுமுன் மரக்கவட்டில் ஒடுங்கிவிடுவார். மஹெஃபாவும் வெயில் ஏறாமல் எழுவதில்லை. கேட்டால், "அவரே இன்னும் பாடல, நான் எழுந்து யாரை எழுப்ப?" என்பார்.

ஆந்தஸிபே காட்டில் வழிகாட்டிகள் பலர் இருக்கிறோம். ஆனால் எங்கள் மொழியில் பாபகோத்து என்றால் 'கோத்துவின் அப்பா' என்று பொருள். மஹெஃபாவின் மூத்த மகன் பெயர் கோத்து. இந்தத் தற்செயலை அவர் ஒரு பட்டம்போலச் சூடிக்கொண்டு திரிகிறார். "நானும் அவரும் ஒரே பேருக்காரங்க. அவருக்கு என்ன வழக்கமோ அதான் எனக்கும்."

வீட்டில் வழக்கம் கொஞ்சம் வேறு. வடக்குப் பாய் அவருடையது. பானையில் முதல் அகப்பைச் சோறு அவருக்கு. கோழி அடித்தால் பின்துண்டு அவருக்கு. அது வீட்டின் மூத்தவருக்கு உரிய பங்கு, வேறொருவர் தொட்டால் ஊர் பேசும். மனைவி ஸோலின் தெற்கே கதவோரம் உட்கார்ந்து, இடித்த மரவள்ளி இலைக் குழம்போடு கடைசியில் சாப்பிடுவார்.

போன வாரம் தலைநகரிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. சாப்பாட்டுக் கூடை தூக்குகிற ஆளுக்குக் காய்ச்சல் என்பதால் ஸோலினே அதைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களோடு நடந்தார். ஒரு மரத்தின் மேல்கொப்பில் பெண் பாபகோத்து தளிர் தின்றுகொண்டிருந்தது. ஆண் மெல்ல ஏறிவந்து ஒரு தளிரைத் தொட்டதும் பளாரென்று ஓர் அறை. அது பேசாமல் இறங்கி, கீழ்க்கொப்பில் முற்றின இலைகளுக்கு முன்னால் உட்கார்ந்தது.

"ஐயோ பாவம்," என்றாள் கூட்டத்தில் ஒரு பெண்.

மஹெஃபாவின் குரல் கனிந்தது. "பாவம் என்னம்மா இதுல? புள்ளையச் சுமக்கிறது அவங்க, பால் கொடுக்கிறது அவங்க. மேல்கொப்பு அவங்களுக்குத்தான், நல்ல இலையும் அவங்களுக்குத்தான். அய்யா கீழ காத்திருப்பாரு. அதான் பெரியவரோட பெருமை. மனுசங்க இவருகிட்ட கத்துக்கணும்."

கூட்டம் கைதட்டியது. ஸோலின் தட்டவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் கோழி. ஸோலினின் அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரனான நானும் சாப்பிட வந்திருந்தோம். மஹெஃபா கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது வடக்குப் பாயில் ஸோலின் உட்கார்ந்திருந்தார். அவர் தட்டில் பின்துண்டு.

"எழுந்திரு. ஆளுங்க இருக்காங்க," என்றார் மஹெஃபா அடிக்குரலில்.

"இருக்கட்டும். அன்னிக்கும் ஆளுங்க இருந்தாங்க. கைகூடத் தட்டினாங்க."

"அது மிருகத்துப் பேச்சுடி."

"பெரியவரையா மிருகம்னு சொல்றீங்க, கோத்து அப்பா?"

அண்ணனுக்குப் புரையேறியது. மஹெஃபா என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன். மிருகம் என்று ஒப்புக்கொண்டால் நாளைக்குக் காட்டில் மடக்க விரல் கிடையாது. பெரியவர் என்றால் இன்றைக்குப் பின்துண்டு கிடையாது. கை ஈரம் காயும்வரை நின்றார்.

"பெரியவருதான்," என்றார் கடைசியில்.

ஸோலின் பின்துண்டை ஒரு கடி கடித்தார். மென்றுகொண்டே, கதவோரப் பாயையும் அதன் முன்னால் இருந்த இலைக் குழம்பையும் கணவருக்குச் சுட்டிக் காட்டினார். மிகுந்த மரியாதையோடு, விரலை மடக்கி.