முதல் பளிங்கில் மஞ்சள்

இரண்டாயிரத்துகளின் நடுவில், அபுதாபியில் முசஃபா தொழிலாளர் கேம்பிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் ஓர் அரசு மன்றக் கட்டடத்துக்கு மார்பிள் ஒட்டினோம். கட்டடம் என்றால் லேசுப்பட்டதில்லை. முற்றத்தில் பழைய ஷேக்கின் சபை அறை இருந்தது. கடலில் எடுத்த பவளக்கல்லால் கட்டிய சுவர். குறை சொல்ல வந்தவன் அங்கே ஷேக்குக்கு எதிரிலேயே உட்காருவானாம். அதை இடிக்காமல், சுற்றிப் புது மண்டபத்தை எழுப்பியிருந்தார்கள். அதற்காகவே கட்டடத்துக்குப் படம் வரைந்தவனைக் கும்பிடலாம்.

மண்டபத்தின் உச்சியில் டோம். அதன் கழுத்தைச் சுற்றி ஜன்னல்கள். இன்னும் கண்ணாடி போடவில்லை. தலைவர் நாற்காலிக்குப் பின்சுவரில் முதல் கல் வைக்கும் வேலை எனக்கு வந்தது. ஊரில் நிலை வைத்தால் மஞ்சள் பூசாமலா வைப்போம்? கை சும்மா இருக்குமா? மஞ்சளைக் குழைத்து, மூன்று விரலால் இழுத்துக் கும்பிட்டேன். சாயங்காலம் துடைத்தால் போகவில்லை. வெள்ளைப் பளிங்கு மஞ்சளைக் குடித்துவிட்டது.

ஃபோர்மேன் பாய் கீழக்கரைக்காரர். தலையில் அடித்துக்கொண்டார்.

"அட கிறுக்குப் பயலே! இது என்ன உங்க ஊரு மாரியம்மன் கோயிலா? நாலு நாள்ல இன்ஜினியர் வர்றாரு. பாத்தாருன்னா விசாவ கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாரு. எல்லாம் ஒரே பாறையில அறுத்த கல்லு, மாத்துக் கல்லு மாஃபி, கிடையவே கிடையாது!"

வந்து எட்டு மாதம்தான். போன வேகத்தில் திரும்பிவிட்டான் என்று ஊரே சிரிக்கும்.

சோப்பு போட்டேன். அசையவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, டோம் ஜன்னல் வழியாக வெயில் இறங்கி அந்தச் சுவரில் விழுந்தது. வெயிலில் காயப்போட்ட கல்யாண வேட்டியில் மஞ்சள் வெளுக்குமே என்று அப்போதுதான் உறைத்தது. பாயிடம் ஓடினேன். அவர் டிராயிங்கை விரித்துப் பார்த்தார்.

"சபை கூடுற நேரத்துல தலைவர் நாற்காலிப் பக்கம் வெளிச்சம் விழணும்னே ஜன்னல் வச்சிருக்கான். உனக்காகவே வரைஞ்சிருக்கான்டா, யல்லா, கிளம்பு!"

தினமும் காலையில் நிழல் விழாதபடி சாரப் பலகையை அவரே நகர்த்தினார். கறை காயாமல் வெளுக்கட்டும் என்று, வெயில் நகர நகர நான் ஈரத்துணியால் கல்லை நனைத்தபடி காத்துக்கிடந்தேன். கறை நாளுக்கு நாள் வெளிறியது.

நாலாம் நாள் இன்ஜினியர் வந்தார். நேராக அந்தக் கல்லின் முன் நின்று தடவிப் பார்த்தார். யார் வைத்தது என்று இந்தியில் கேட்டார். பாய் என்னைக் காட்டினார்.

மீதிக் கல்லும் இதேபோல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் நகர்ந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

பாய் காதருகே குனிந்தார். "இதே மாதிரின்னாரேன்னு மீதிக் கல்லுக்கும் மஞ்சப் பூசிராதே!"