சுழற்சியை நிறுத்தியது யார்

மாணவர்களுக்கு இயற்பியல் கைடு போடும் பதிப்பகம் அது. இரண்டாம் மாடியில், விடை எழுதும் பிரிவில், ஜன்னலோர மேசை அவளுடையது. தட்டு வரும் கணக்கெல்லாம் அவளிடம்தான் போகும். உருளும் தட்டு, துளையிட்ட தட்டு, மின்னூட்டம் ஏற்றிச் சுழலவிட்ட தட்டு. பதினாறு வருஷமாக இதே வேலை. 'தட்டு அக்கா' என்று பெயர் விழுந்து, சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

அந்தப் பிரிவில் 'ரிவர்ஸ்' என்றொரு வழக்கம் உண்டு. கேள்வித் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் விடைகள் இருக்கும். நேரம் கழுத்தைப் பிடித்தால், விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, நடுவில் நாலு சமன்பாடுகளைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். எல்லோரும் செய்தார்கள். வெளியே மூச்சுவிட மாட்டார்கள்.

பிரிவுத் தலைவர் ஓய்வுபெறும் வாரம். அந்த நாற்காலி அவளுக்கா, அதே பிரிவில் அவளைவிட எட்டு வயது இளைய கண்ணாடிக்காரருக்கா என்பது வெள்ளிக்கிழமை தெரியும். செவ்வாய்க்கிழமை ஒரு மாணவியின் கடிதம் வந்தது. தட்டுக் கணக்கு என்பதால் நேராக அவள் மேசைக்கே வந்தது.

கணக்கு இதுதான்: சொரசொரப்பான சரிவில் தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு தட்டு வழுக்காமல் உருண்டு இறங்குகிறது. எதிரே உராய்வே இல்லாத சரிவு. அதில் எவ்வளவு உயரம் ஏறும்? தொண்ணூறு என்றது கைடு. மாணவி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'தட்டு சுழல்வதை யார் நிறுத்தினார்கள்?'

அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவளே ரிவர்ஸ் போட்ட கணக்கு. ஒன்பது பதிப்பு கண்டுவிட்டது.

அண்ணன் லேத் பட்டறையில் வேலை செய்பவர். மறுநாள் சாயங்காலம் அங்கே போனாள்.

"வட்டமா, இரண்டு விரல் தடிப்புல ஒரு துண்டு வேணும்ண்ணா."

"ஆபீஸ்ல பேப்பர் தீர்ந்துபோச்சா? இரும்புல கணக்கு போடப் போறியா?"

கேலி செய்துகொண்டே அவர் ஒரு பலகையில் சொரசொரப்பான எமரி பேப்பர் ஒட்டிச் சரிவாக வைத்தார். எதிரே கண்ணாடித் துண்டைச் சாய்த்து எண்ணெய் பூசினார். தட்டின் முகத்தில் சாக்பீஸால் அவள் ஒரு கோடு போட்டு, முப்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டாள். உருண்டு இறங்கி, கண்ணாடியில் ஏறியது. இருபதைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஏற்றம் நின்றது. கோடு மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. சுழன்றபடியே வழுக்கிக் கீழே வந்தது.

"என்னடி இது, மேலேயும் ஏற மாட்டேங்குது, சுத்தறதையும் விட மாட்டேங்குது. அப்படியே உன்னை மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. வழவழப்பான தளத்தில் சுழற்சியைப் பிடித்து நிறுத்த ஆளே இல்லை. ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சுழற்சியிலேயே தங்கிவிடும். அறுபதுதான் விடை.

"இதை யாருக்கும் தெரியாம திருத்திட்டா?" என்று கேட்டாள்.

"திருத்து. வேணாம்னு யாரு சொன்னா?" அண்ணன் கையைத் துடைத்தார். "ஆனா அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் எழுதுவே?"

வியாழன் காலை கடிதத்தையும் திருத்தத்தையும் மேலாளர் முன் வைத்தாள்.

"அச்சுப் பிழைன்னு போட்டுடலாமேம்மா."

"நாலு சமன்பாடு சார். நாலும் அச்சுப் பிழையா வராது. நான் ரிவர்ஸ் போட்டது."

மேலாளர் கடிதத்தை மடித்து வைத்தார். "நாளைக்கு என்ன நாள்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

மாணவிக்கு அன்றே பதில் போயிற்று, அவளுடைய கையெழுத்தோடு. நாற்காலி கண்ணாடிக்காரருக்குப் போயிற்று. வீட்டில் அண்ணி இரண்டு நாள் பொருமினாள். அதற்குப்பிறகு வேறு பேச்சு வந்துவிட்டது.

திங்கட்கிழமை புதிய தலைவர் தானே எழுந்து ஜன்னலோரத்துக்கு வந்தார். கையில் ஒரு தாள்.

"அக்கா, காந்தப்புலத்துல சுத்துற செப்புத் தட்டு. மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட்டேஜ்னு கேள்வி. புத்தக விடையோட ஒத்துப்போகுது. ஆனாலும்..."

"விளிம்போட வேகத்தை ஆரம் முழுக்க வெச்சுட்டீங்க. மையத்துல வேகமே கிடையாதே. பாதிதான் வரும்."

"புத்தகத்துல முழுசா இருக்கேக்கா."

"அப்ப புத்தகமும் தப்பு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் ரிவர்ஸ்தான் போட்டேன்."

"நாற்காலியைக் கொண்டுவாங்க," என்றாள் அவள். "முதல்லேர்ந்து போடலாம்."