மச்சானின் போன் நிலம்

இடது கையில் ரத்தம் போய் வரும் இரண்டு குழாய்கள். வலது கைக் கட்டைவிரலில் அறுவடை. என் மனைவியின் தம்பியை நினைத்தால், விழுப்புரத்து டயாலிசிஸ் படுக்கையில் அப்படித்தான் தெரிகிறான். வாரம் மூன்று நாள் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் நான்தான் கூட்டிப் போவேன். ரத்தம் சுத்தமாகும் நான்கு மணி நேரமும் போனில் விவசாயம் பார்ப்பான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே, நீங்கள் போனில் வீடு கட்டி மாடு வளர்க்கும்போது நான் ஏன் திட்டுவதில்லை என்று கேட்டீர்கள். அவனுடையதும் அந்த மாதிரி விளையாட்டுதான். துப்பாக்கி கிடையாது, எதிரி கிடையாது. விதைக்கலாம், தண்ணீர் விடலாம், அவ்வளவுதான். "இதுல என்னடா இருக்குது?" என்று ஒருநாள் கேட்டேன். "யாரும் யாரையும் அடிச்சிக்கினு கெடக்கல மாமா. காலையில எழுந்து பாத்தா எல்லாம் கொஞ்சம் வளந்திருக்குது. எனக்கு வேற எது வளருது, சொல்லுங்க?" என்றான்.

அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியே வளர்ந்தவன். சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. சின்ன வயதில், அறுவடை முடிந்த கொல்லையில் விட்டுப்போன மல்லாட்டையைத் தன் அம்மாவோடு பொறுக்கித் தின்றவன். அந்த அம்மா இறந்து பல வருடம் ஆகிறது. போனில் அறுவடை செய்யும்போதும் ஒரு வரிசையைப் பிடுங்காமல் விட்டுவிடுவான். "யோவ் பண்ணையாரே, போனுக்குள்ள யாருய்யா பொறுக்க வரப் போறாங்க?" என்று கிண்டல் செய்தேன். "எங்கம்மா வந்தாலும் வரும்" என்றான்.

ஒருநாள் டாக்டர் ஸ்கேன் படங்களை அவன் போனில் ஏற்றச் சொன்னார். இடம் இல்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனம் வராமல் அந்த விளையாட்டை நீக்கினேன். மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மெயில் ஐடியோடு இணைக்கச் சொல்லி அது கேட்டபோதெல்லாம் அவன் 'பிறகு' என்பதையே அழுத்தியிருக்கிறான். இரண்டு வருட நிலம் போய்விட்டது. மறுபடி ஏற்றியதும் கல்லும் முள்ளுமாக ஒரு தரிசு வந்து நின்றது. புதிதாக வந்தவனிடம் கேட்பதுபோல் அவன் பெயரைக் கேட்டது.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல கல்லு பொறுக்கவே ஒரு மாசம் ஆவும் மாமா. அவ்ளோ நாளு எங்க இருக்குது?" என்று போனை என் மடியில் வைத்தான்.

அதன் பிறகு அவன் மூன்று மாதம் இருந்தான். கல் பொறுக்கி, விதைத்து, ஒரு அறுவடையே பார்த்திருக்கலாம். டயாலிசிஸுக்குப் போகும் நாளெல்லாம் அந்த நான்கு மணி நேரமும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.