டெலிபோன் சார் பார்த்த படம்

படக்காரம்மா எதைத் துடைத்தாலும் நடுவிலிருந்து விளிம்புக்குத்தான். கண்ணாடித் துணியை நான்காக மடித்து விரலில் சுற்றிக்கொள்வார். பொருளை வெளிச்சத்துக்குச் சாய்த்து, "ஹா" என்று ஒரு மூச்சு விடுவார். பிறகு நடுவில் தொட்டு நேர்கோடாக வெளியே ஓர் இழுப்பு. மறுபடி நடு, மறுபடி இழுப்பு. சூரியகாந்திப் பூவுக்கு இதழ் வரைவதுபோல இருக்கும். மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டுத் தட்டு, அலமாரிக் கதவு எதுவானாலும் இதே கதைதான். வட்டமாகத் துடைக்க அவர் கைக்குத் தெரியாது. மகள் சின்னவளாக இருந்தபோது முகம் துடைக்க வந்த கையைத் தட்டிவிட்டு, "என் மூஞ்சி என்ன டிவிடியாம்மா?" என்று அழுவாளாம்.

பொது நூலகத்தின் திரைப்படப் பிரிவில் வேலை பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. டிவிடியை வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும். படம் அந்த இடத்தில் திக்கித் திக்கி நின்றுவிடும். குறுக்கே விழுந்த கீறலைப் படம் எப்படியோ தாண்டிப் போய்விடும். வாசகர்கள் அவருக்கு வைத்த பெயர் படக்காரம்மா. உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

செய்தித்தாள் அறையைத் தாண்டி, கழிப்பறைக்குப் போகும் வழியில் இருக்கிறது அவருடைய பிரிவு. "படம் தேடி வர்றவங்களைவிட பாத்ரூம் தேடி வர்றவங்கதான் ஜாஸ்தி. வந்தவங்களை சும்மா விடறதா? திரும்பிப் போறப்ப ஒரு படத்தைக் கையில குடுத்துருவேன்" என்பார். படத்தின் பெயர் தெரியாமல் வருகிறவர்களிடம் அவருக்குத் தனிப் பிரியம்.

"அதாங்க, ஒருத்தன் மாடியிலேர்ந்து எறங்கி வருவானே, அந்தப் படம்."

"எல்லாப் படத்துலயும் எவனாவது எறங்கித்தான் வர்றான். அழுதுகிட்டு எறங்கறானா, துப்பாக்கியோட எறங்கறானா?"

பிசுபிசுப்போடு திரும்பி வரும் டிவிடியைப் பார்த்துவிட்டால் மட்டும் பிரியமெல்லாம் பறந்துவிடும். "இதை வெச்சு பாத்திரம் தேச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் "ஹா" என்று மூச்சு விட ஆரம்பித்துவிடுவார்.

இப்போது அந்த டிவிடி அலமாரிகள் இல்லை. அவை நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. அவற்றை எடுக்கச் சொன்னவர் படக்காரம்மாவேதான்.

வருடாந்தரக் கூட்டத்தில் பேச்சு வந்தது. படங்களை இனியும் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்குவதா, மொத்தமாக லீசுக்கு எடுப்பதா? வாங்கினால் உடையும்வரை நம்முடையது. ஆனால் கொஞ்சம்தான் வாங்க முடியும். லீஸ் என்றால் ஒரு கம்பெனி ஆயிரக்கணக்கான படங்களை இணையம் வழியாகத் திறந்துவிடும். வருடாவருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். தலைமை நூலகர் பேனாவை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "பிரிவு உங்களோடது. நீங்க சொல்றதுதான்."

படக்காரம்மா சரியாகத்தான் யோசித்தார். வீடுகளில் டிவிடி போடும் பெட்டியே அருகிவிட்டது. புதுப் படங்கள் டிவிடியாக வருவதும் குறைந்துவிட்டது. துடைத்துத் துடைத்து மணிக்கட்டு வேறு இரவெல்லாம் வலிக்கிறது. "லீசுக்கே எடுத்துருவோம் சார்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது கணவர் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர் அவர். "லீசுக்கா? பல்செட்டை எவனாவது லீசுக்கு வாங்குவானாடி? வருஷம் முடிஞ்சதும் வாயைத் தொறன்னு வந்து நிப்பான்."

"உங்களுக்கு எல்லாத்துலயும் பல்லுதான்."

"காலம்பூரா வாடகை வீட்டுல இருந்தவ நீ. வீட்டுக்காரன் எப்ப வந்து காலி பண்ணச் சொல்வான்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் அன்று அது வேடிக்கைப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது.

படக்காரம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். நம் அலமாரியில் இருப்பவை கம்பெனியிடமும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் டிவிடிகள் வெளியே போகும். அப்படியே செய்தார். அங்கேயும் இருப்பவை விற்பனைக்கு. இல்லாதவை மட்டும் நம்மிடமே இருக்கும். ஒரே படம் இரண்டு இடத்தில் எதற்கு? கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை முடிந்து பார்த்தபோதுதான் உறைத்தது. ஊரே கேட்டு வாங்கிப் போன படங்கள் எல்லாம் கம்பெனியிடமும் இருந்தன, போய்விட்டன. மிஞ்சியவை கம்பெனிக்காரனே வேண்டாம் என்று விட்டவை. கொதிகலன் பராமரிப்பது எப்படி என்று ஒரு படம். யாரோ ஓர் அமைச்சர் பாலம் திறந்த படம், இரண்டு பாகம்.

வாசல் படியில் மேசை போட்டு விற்றார்கள். மீந்ததைப் பழைய சாமான் கடைக்காரர் மொத்தமாக அள்ளிப் போனார். விலைக்குப் போகும் ஒவ்வொன்றையும் படக்காரம்மா துடைத்துத்தான் கொடுத்தார்.

டெலிபோன் சார் வந்து நின்றது அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை.

தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. முதல் தடவை வந்தபோது கவுண்டர் இளைஞன் தயங்கித் தயங்கி, "சார், உங்களுக்கு... படமா?" என்றான். "ஏன் தம்பி, பாட்டு கேக்கறவன் எல்லாம் பாடத் தெரிஞ்சவனா?" என்று கேட்டுவிட்டு அவரே முதலில் சிரித்தார். சில டிவிடிகளில் வசனத்தோடு இன்னொரு குரலும் இருக்கும். பேச்சு ஓயும் இடத்தில் அது மெதுவாகச் சொல்லும்: அவள் கடிதத்தை மடிக்கிறாள், அவன் வாசலையே பார்க்கிறான், மழை வலுக்கிறது. பார்வை இல்லாதவர்களுக்காகச் சேர்க்கப்பட்ட குரல் அது. அந்த வகை டிவிடிகள் அலமாரியில் கணிசமாக இருந்தன. டெலிபோன் சார் எல்லாவற்றையும் பார்த்தவர். கேட்டவர் என்று சொன்னால் கோபம் வரும். "நான் பாத்தேன்" என்பார்.

அந்தச் சனிக்கிழமை, பிரிவிலேயே படம் பார்க்கப் போட்டிருந்த மேசையில் காதுபேசியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். பிறகு கழற்றிவிட்டு, "அம்மா, அந்த ஆளு வரலையே" என்றார்.

"எந்த ஆளு சார்?"

"சொல்ற ஆளு."

கம்பெனியிடம் அதே படம் இருந்தது. அந்தக் குரல் இல்லை. படக்காரம்மா ஒவ்வொரு படத்தையும் பெயர் வைத்துச் சரிபார்த்திருந்தார். பெயருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. எந்தப் படத்திலும் அந்தக் குரல் வரவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தார். ஒரு பெண் இனிமையாக, கவனிக்கிறோம் என்றாள். கணவரை அழைத்துக்கொண்டு பழைய சாமான் கடைக்கு ஓடினார். "அந்த டிவிடி எல்லாமா? வயல்ல குருவி ஓட்டக் கட்டறதுக்குன்னு ஒருத்தர் மொத்தமா தூக்கிட்டுப் போயிட்டாரேம்மா" என்றார் கடைக்காரர். திரும்பும்போது கணவர் பல்லைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படக்காரம்மாவே டெலிபோன் சார் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய துப்பறியும் படம். குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இப்ப ஒருத்தன் உள்ள வர்றான் சார். பாவம், இவன் சாகப் போறான்."

"ஐயோ அம்மா! இப்பத்தானே செருப்பைக் கழட்டினான்!"

"சரி, சரி. இவ அவனோட தங்கச்சி மாதிரிப் பேசறா. ஆனா தங்கச்சி இல்ல."

"நீங்க கதை சொல்றீங்கம்மா. நான் கதை கேக்கல. அவன் கையில என்ன வெச்சிருக்கான், அதைச் சொல்லுங்க, போதும்."

படக்காரம்மா பார்த்தார். எத்தனையோ முறை பார்த்த படம்தான், அவன் கையை மட்டும் அதுவரை பார்த்ததில்லை. "குடை."

"என்ன கலரு?"

"கறுப்பு வெள்ளைப் படம் சார்."

"அப்ப கறுப்புன்னே வெச்சுக்குவோம்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் தலைமை நூலகர் வந்து நின்றார். கவுண்டரில் ஆளில்லை, இளைஞன் விடுப்பு, வாசகர்கள் நீளமாக நிற்கிறார்கள். படக்காரம்மாவைத் தள்ளி அழைத்துப் போய், மெல்லியது என்று தானே நினைத்துக்கொண்ட ஒரு குரலில் பேசினார். "லீசுன்னு சொன்னது யாரு? நீங்கதானே? கூட்டத்துல அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிட்டு, இப்ப இங்க உக்காந்து குரல் குடுத்துகிட்டு இருக்கீங்க. இது சரியில்லைன்னு மேலேர்ந்து ஒரு புகார் வந்தா நான் உங்களைத்தான் கை காட்டணும். பாத்துக்குங்க." படக்காரம்மா திரும்பிப் பார்த்தபோது டெலிபோன் சாரின் காதுபேசி மேசைமேல் இருந்தது. முகம் சுவரைப் பார்த்திருந்தது.

அதற்குப் பிறகு டெலிபோன் சார் புகார் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. "எனக்கு இனிமே பழகின படம் ஒண்ணு போதும்மா. அந்த ரயில்வே ஸ்டேஷன் படம் இருக்குல்ல, மழையில வண்டி நின்னு போகுமே. டிவிடியிலயே அதைக் கரைச்சுக் குடிச்சவன் நான். சொல்ற ஆளு எனக்கு உள்ளயே இருக்கான்" என்றார். படக்காரம்மா ஒரே விசையை அழுத்தினால் அந்தப் படம் ஓடும்படி அமைத்து, விரலுக்குத் தட்டுப்பட அந்த விசைமேல் நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டார். அதன் பிறகு யார் தயவும் இல்லாமல் அவரே வந்து, அவரே தடவி, அவரே போட்டுக்கொண்டார்.

படம் பார்க்கும் மேசைகளுக்கு மூன்று பக்கமும் பலகை அடைப்பு. படக்காரம்மாவின் இடத்திலிருந்து பார்த்தால் டெலிபோன் சாரின் ஒரு முழங்கையும் இரண்டு காலணிகளும் மட்டும் தெரியும். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. நின்றால் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயம். அவர் கிளம்பும்போது மட்டும் படக்காரம்மா கேட்பார்.

"எப்படி சார் இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. அந்த டீ வாங்கற சீன் இருக்கே, எத்தனை தடவை பாத்தாலும் அலுக்கல."

அந்த "நல்லா இருந்துச்சு" படக்காரம்மாவுக்கு ஒரு வாரத்துக்குப் போதும். வீட்டில் கணவரிடம் அதைத் திருப்பிச் சொல்வார், ஏதோ ஒரு வழக்கில் தன் பக்கம் சாட்சி கிடைத்ததுபோல.

மழைக்காலம் தொடங்கும்போது ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. கம்பெனி தன் இஷ்டத்துக்குப் படங்களைச் சேர்த்தது; தன் இஷ்டத்துக்கு எடுத்தது. எது போயிற்று என்று சொல்லவில்லை. ஆள் வந்து தேடும்போதுதான் தெரியும். முடிதிருத்துகிறவர் ஒருவர் வந்து கத்தினார். "என்னம்மா, படத்தைப் போட்டா நீலமா ஒரு பக்கம் வந்து நிக்குது. இந்தப் படம் இப்போது உங்கள் நூலகத்தில் இல்லையாம். உங்க நூலகத்துல இல்லைன்னு எங்கிட்ட எதுக்குச் சொல்றான்?" ஒரு தாய், குழந்தை தினமும் பார்க்கும் முயல் படம் போய்விட்டது என்று வந்து நின்றாள். படக்காரம்மா எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். டெலிபோன் சாரின் படமாவது தப்பித்ததே என்று மனத்துக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் வந்தார். வழக்கமான நேரம் உட்கார்ந்தார். நல்லா இருந்துச்சு என்றார். படக்காரம்மா அந்த விசையை அழுத்தி ஒரு முறை பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

மழை விட்ட பிறகு ஒருநாள் மகளோடு வந்தார் டெலிபோன் சார். மகள் வீட்டோடு இருக்க வேறு ஊருக்குப் போகிறாராம். "உங்க புண்ணியத்துல நிறையப் பாத்துட்டேம்மா" என்று கைகூப்பினார், கொஞ்சம் பக்கவாட்டில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து. படக்காரம்மா நகர்ந்து போய் அந்த இடத்தில் நின்றுகொண்டார்.

இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும், ஓர் அலமாரி அளவுக்காவது விலைக்கு வாங்கி வைப்போம் என்று கேட்கிறார். "நீங்களா இதைச் சொல்றது?" என்று யாராவது சிரிக்கிறார்கள். "நான்தான் சொல்றேன்" என்கிறார்.

டெலிபோன் சார் போய்ச் சில வாரம் கழித்து, பிரிவைக் கூட்டித் துடைக்கும் அக்கா மேசைக்கடியில் துடைப்பத்தை விட்டபடி கேட்டாள். "கண்ணு தெரியாத ஐயா வர்றதில்லையாம்மா?"

"மக வீட்டுக்குப் போயிட்டாருக்கா."

"அடடா. அவருக்குன்னு தனியா ஒரு படம் வெச்சிருந்தீங்களே."

"தனியாவா? எல்லாரும் பாக்கற படம்தானே அது."

"எங்கம்மா? மழை ஆரம்பிச்சதுலேர்ந்து நான் சனிக்கிழமை சனிக்கிழமை பாக்கறேனே. வெறும் நீலம், நடுவுல ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான் நிக்கும். கண்ணு தெரியாதவங்க படம் அப்படித்தான் போலன்னு நெனச்சேன்." அக்கா துணியைப் பிழிந்தாள். "ஆனா நல்ல படமாத்தான் இருக்கணும். அப்பப்ப வாயைப் பொத்திகிட்டு சிரிப்பாரு."